முதலில் நகல், பிறகுதான் சோதனை

அன்புத் தம்பிக்கு,

 

நேற்று நீ போனில் சொன்னதிலிருந்து என் மனசு அந்த ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கிறது. நீ எடுத்த கல்யாணப் படங்கள் அத்தனையும் அதில். ஃபோல்டரைத் திறந்தால் வெகுநேரம் சுற்றுகிறது, சில படங்கள் காப்பி ஆகும்போதே நின்றுவிடுகின்றன என்றாய். யாரோ 'செக் டிஸ்க்' ஓட்டச் சொன்னார்களாம். இப்போதைக்கு ஓட்டாதே. காரணத்தைப் போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். டெர்மினலில் தட்டவேண்டிய கமாண்டுகளை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். எதை, ஏன், எந்த வரிசையில் என்பதற்குத்தான் இந்தக் கடிதம்.

டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று விடாமல் சத்தம் வந்தாலோ, கம்ப்யூட்டர் அதை அடையாளமே காணாமல் போனாலோ, உடனே பவரை நிறுத்திவிடு. அது பெரும்பாலும் படிக்கும் ஹெட்டின் கோளாறு. எந்தக் கமாண்டாலும் தீராது; ஓட ஓடத் தட்டின் பரப்பு சுரண்டப்படலாம். டேட்டா மீட்பதையே தொழிலாகச் செய்பவர்களிடம்தான் கொண்டுபோக வேண்டும். உன் டிஸ்க் மெதுவாகவாவது படிக்கிறது. ஆகவே நமக்கு இன்னும் வழி இருக்கிறது.

செக் டிஸ்க் பார்ப்பது ஃபைல் சிஸ்டத்தை. எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்ற அட்டவணையைச் சரிபார்த்து, ஒத்துவராததைத் திருத்தி எழுதிவிடும். அடியில் டிஸ்க் திடமாக இருக்கிறது என்று நம்பித்தான் அது வேலை செய்கிறது. உன் நிலைமையில் அதை ஓட்டுவது, சுவர் விரிசல் விட்ட வீட்டில் பீரோவை இழுத்து ஒழுங்குபடுத்துவது மாதிரி. படிக்கவே தடுமாறும் டிஸ்க்கில் எதையும் எழுதக் கூடாது.

முதலில் டிஸ்க்கின் நிலையை மட்டும் பார்க்க, ஒரு பென் டிரைவில் உபுண்டு போட்டு, அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பு. பழைய டிஸ்க் தானாக மவுண்ட் ஆகியிருந்தால் அன்மவுண்ட் செய்துவிடு. கர்னல் பதிவைப் பார்த்தால், எந்த செக்டரைப் படிக்க முடியாமல் திரும்பியது என்று வரிவரியாக இருக்கும். அடுத்தது, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்திருக்கும் 'ஸ்மார்ட்' குறிப்பு. 1992-ல் ஐபிஎம் தன் டிஸ்க்குகளில் இப்படி ஒரு முன்னெச்சரிக்கை ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 1995-ல் காம்பாக் தன்னுடையதைப் பொதுத் தரமாக்க முன்வைத்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்று ஏறக்குறைய எல்லா டிஸ்க்கிலும் இருக்கிறது.

அந்தக் குறிப்பை நமக்குப் படித்துக் காட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் பிறந்த கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 2002-ல் அதைத் தொடங்கியவர் புரூஸ் ஆலன், அமெரிக்காவின் விஸ்கான்சின்-மில்வாக்கி பல்கலைக்கழகத்து இயற்பியலாளர். ஈர்ப்பு அலைகளைத் தேடுவதற்காக நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை இணைத்து வைத்திருந்தார். அத்தனை டிஸ்க்குகள் ஓடும் இடத்தில் ஏதாவது ஒன்று பழுதாகிக்கொண்டேதான் இருக்கும். எது போகப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அந்தத் தேவையிலிருந்து வந்த கருவி இன்று உன் ஸ்டூடியோ மேஜைக்கும் இலவசமாக வருகிறது.

திரையில் நீளமான பட்டியல் வரும், மிரளாதே. கடைசிப் பத்தியில் இருக்கும் மூல எண்ணைப் பார். 5 என்ற வரிசை, கெட்டுப்போனதால் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. 198, டிஸ்க் தானாகத் தேடியபோதும் மீட்க முடியாதவை. 187, திருத்த முடியவில்லை என்று கம்ப்யூட்டரிடமே சொன்ன பிழைகள். இவை பூஜ்யமாக இருக்க வேண்டியவை; ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்க்கை நம்பாதே. 199 மட்டும் ஏறினால் முதலில் கேபிளை மாற்றிப் பார். முதல் வரிசையின் எண் சில கம்பெனி டிஸ்க்குகளில் கோடிக்கணக்கில் காட்டும், அது வெறும் கணக்கிடும் முறை. யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் பதிலே தராவிட்டால், அதற்கான கூடுதல் ஆப்ஷனையும் அனுப்புகிறேன்.

மேலே 'பாஸ்' என்று ஒரு வரி வரும். அதைப் பார்த்து நிம்மதியாகிவிடாதே. கூகுள் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதானவற்றில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு எச்சரிக்கைகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயிருந்தன. அதே சமயம், ஸ்கேனில் முதல் பிழை தெரிந்த டிஸ்க், பிழையில்லாததைவிட 39 மடங்கு அதிக வாய்ப்போடு அடுத்த 60 நாளுக்குள் பழுதானது. ஆகவே டிஸ்க் கெட்ட சேதி சொன்னால் நம்பு. நல்ல சேதி சொன்னால் அதை நம்பி இருந்துவிடாதே.

இந்தக் குறிப்பைப் படிப்பது டிஸ்க்குக்குப் பெரிய சுமையில்லை. ஆனால் முழுச் சோதனை பல மணி நேரம் ஒவ்வொரு செக்டராகப் படிக்கும். அவ்வளவு தெம்பு மிச்சமிருந்தால் அது உன் படங்களை வெளியே எடுக்கத்தான் செலவாக வேண்டும். நகல் எடுக்க அந்தோனியோ தியாஸ் தியாஸ் எழுதிய டிடிரெஸ்க்யூ இருக்கிறது. சாதாரண காப்பி முதல் பிழையிலேயே நின்றுவிடும். இது நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, முரண்டுபிடிப்பதைத் தாண்டிப் போய், கடைசியில் திரும்பி வந்து சிறுகச் சிறுக முயலும். எதுவரை படித்தது என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதிவைப்பதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த ஃபைலை வேறொரு பென் டிரைவில் வை. உபுண்டுவை அணைத்தால் அதன் நினைவகத்தில் இருப்பதெல்லாம் போய்விடும். நகல் போய்ச் சேரும் புது டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்கட்டும். செக் டிஸ்க்கோ வேறு எந்த ரிப்பேரோ, செய்வதெல்லாம் இனி நகலின் மேல்தான்.

படங்கள் பத்திரமான பிறகு பழைய டிஸ்க்கை எவ்வளவு வேண்டுமானாலும் சோதி. ஸ்மார்ட்டின் குறுஞ்சோதனை சில நிமிடம்தான். நெடுஞ்சோதனை முதல் பிழை எந்த இடத்தில் என்று காட்டும். பேட்பிளாக்ஸ் என்ற கருவி வெறுமனே படித்தும் பார்க்கும், எழுதியும் பார்க்கும். எழுதும் முறை நான்கு வடிவங்களை டிஸ்க் முழுக்க எழுதித் திரும்பப் படிப்பதால் உள்ளே ஒன்றும் மிஞ்சாது. புதிதாக வாங்கிய காலி டிஸ்க்கை நம்புவதற்கு முன் இந்த முறையில் சோதிப்பது நல்லது. படம் இருக்கும் டிஸ்க்கில் அந்தப் பக்கமே போகாதே.

இந்தச் சோதனைகள் எதுவும் ஒரு படத்தைக்கூடக் காப்பாற்றாது, தம்பி. எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்றுதான் சொல்லும், அதையும் அரைகுறையாக. காப்பாற்றுவது இரண்டாவது நகல். உன்னிடம் இருப்பவை வெறும் ஃபைல்கள் இல்லை. தாத்தா பாட்டியின் கடைசிப் படம் உன் டிஸ்க்கில் மட்டுமே இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. உன்னை நம்பித்தான் அவர்கள் தனியாக வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே இனி ஒவ்வொரு கல்யாணமும் இரண்டு டிஸ்க்கில், இரண்டு வேறு இடத்தில் இருக்கட்டும்.

புது டிஸ்க் வந்ததும் இரண்டின் சீரியல் எண்ணையும் போட்டோ எடுத்து அனுப்பு. கம்ப்யூட்டரை மறுபடி கிளப்பும்போது டிஸ்க்குகளின் பெயர் இடம் மாறலாம். மூலமும் நகலும் மாறிப்போனால் வெற்று டிஸ்க் உன் படங்களின் மேல் எழுதப்பட்டுவிடும். கமாண்டைத் தட்டி வைத்துவிட்டு எனக்குப் போன் செய். எண்களை நான் ஒருமுறை ஒப்பிட்டுச் சொன்ன பிறகு எண்டர் தட்டு. எந்த நேரமானாலும் எடுக்கிறேன்.

அன்புடன்,
அக்கா