அக்காளுக்குப் போன கடிதங்கள்

ஜார்ஜ் என்னும் பெயருடைய நான்கு மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட காலம் 1714 முதல் 1830 வரை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கனவான் வீட்டுப் பெண்களுக்குக் கடிதம் எழுதுவது வீட்டு வேலைகளில் ஒன்றாகவே இருந்தது. பிள்ளைப்பேறு, சாவு, கல்யாணப் பேச்சு, துணி விலை, வேலைக்காரியின் குறை என எல்லாச் செய்தியையும் ஊர் விட்டு ஊர் கொண்டுசேர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் அவர்களுடையது. காலைச் சிற்றுண்டி முடிந்ததும் எழுதுபலகையை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

தபால் கூலியைப் பெரும்பாலும் கடிதம் பெற்றவர்தான் கட்ட வேண்டும். தொலைவுக்கு ஏற்பவும் தாளின் எண்ணிக்கைக்கு ஏற்பவும் கூலி ஏறும். இரண்டு தாள் என்றால் இரட்டிப்பு. உறையும் ஒரு தாளாகக் கணக்கிடப்பட்டதால் உறை போடும் வழக்கம் இல்லை. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கத்தில் விலாசம் எழுதினார்கள். இடம் போதாவிட்டால் தாளைப் பக்கவாட்டில் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே குறுக்காக எழுதினார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தபால் இலவசம். அப்படி ஒருவரைத் தெரிந்தவர்கள் அவர் கையெழுத்தை வாங்கிக் கூலியை மிச்சம் பிடித்தார்கள். தொலைவு பாராத ஒரு பென்னிக் கட்டணம் 1840இல்தான் வந்தது. அதுவரை, சுவையில்லாமல் எழுதுவது படிப்பவரின் காசை வீணாக்குவதாகும். இக்கடிதங்களில் காணும் குறும்புக்கும் கூர்மைக்கும் இதுவும் ஒரு காரணம்.

வந்த கடிதம் வீட்டில் உரக்க வாசிக்கப்பட்டது. அடுத்த ஊரிலிருந்த உறவினருக்கும் அனுப்பப்பட்டது. தனிக் கடிதம் என்று இன்று அழைக்கப்படுவது அன்று குடும்பத்தின் பொதுச் சொத்து. ரகசியம் எழுத வேண்டுமானால் தந்திரம் வேண்டும். நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினின் அண்ணன் மகள் ஃபேன்னி நைட், தன் திருமணம் பற்றி 1814 நவம்பரில் அத்தையிடம் யோசனை கேட்டபோது, கடிதத்தை இசைத்தாள்கள் அடங்கிய பொட்டலத்தில் வைத்து அனுப்பினார். ஃபேன்னியின் தந்தையே அதை எடுத்துச் சென்று, ஜேன் தனியாக இருந்த நேரம் பார்த்துக் கொடுத்தார். அந்த இசைத்தாள்கள் இல்லாவிட்டால் பொட்டலத்தைப் பற்றி வீட்டாருக்கு என்ன சொல்லிச் சமாளித்திருப்பேனோ என்று ஜேன் பதிலில் வியக்கிறார். அன்பில்லாமல் மணப்பதைவிட வேறு எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்பது அவர் சொன்ன யோசனை. ஃபேன்னி அந்த வரனை ஏற்கவில்லை.

ஜேனின் கடிதங்களில் பெரும்பகுதி அக்காள் கசாண்ட்ராவுக்கு எழுதியவை. கசாண்ட்ராவுக்கு நிச்சயிக்கப்பட்டவர் 1797இல் மேற்கிந்தியத் தீவுகளில் காய்ச்சலால் இறந்தார். அதன்பின் அவர் மணம் செய்துகொள்ளவில்லை. ஜேனும் மணமாகாமலே இருந்தார். சேர்ந்து வாழ்ந்த நாள்களுக்குக் கடிதம் இல்லை. பிரிந்த நாள்களுக்கு மட்டுமே உண்டு. அதனால் அக்கா தங்கை உறவின் நடுப்பகுதி நமக்குத் தெரியாமலே போகிறது. ஓரங்கள் மட்டும் தெரிகின்றன.

1808 அக்டோபரில் அண்ணன் எட்வர்டின் மனைவி எலிசபெத், பதினோராவது பிள்ளையைப் பெற்ற சில நாளில் இறந்தார். கசாண்ட்ரா அப்போது கென்ட் பகுதியில் காட்மர்ஷாமில் அந்தக் குடும்பத்தோடு இருந்தார். ஜேன் இருந்தது சௌத்தாம்ப்டனில். வின்செஸ்டர் பள்ளியில் படித்துவந்த இரண்டு சிறுவர்கள், தாயை இழந்த துக்கத்தோடு அவரிடம் வந்து தங்கினார்கள். அந்நாள்களின் கடிதத்தில் ஒப்பாரி இல்லை. துக்கத்துக்கு வேண்டிய கறுப்பு உடை, காகிதக் கப்பல், விடுகதை, குச்சி பொறுக்கும் ஆட்டம், ஆற்றில் நீர் ஏறுவதையும் வற்றுவதையும் பார்த்துக்கொண்டிருந்தது என்று சின்னச் சின்ன விவரங்களே நிறைந்துள்ளன. அற்பச் செய்திகளால் நிரம்பியவை என்று இக்கடிதங்களைக் குறைசொன்னவர்கள் உண்டு. தூரத்தில் இருக்கும் அக்காளுக்குத் தேவைப்பட்டது அந்தச் சிறுவர்கள் விளையாடினார்களா என்பதுதான்.

நட்பும் உறவும் இங்கே தனித்தனிப் பெட்டிகளில் இல்லை. தோழி மார்த்தா லாய்டு, தன் தாய் 1805இல் இறந்த பிறகு ஆஸ்டின் வீட்டுப் பெண்களோடு வந்து வாழத் தொடங்கினார். மணமாகாத பெண்களுக்கும் விதவைகளுக்கும் செலவைப் பகிர்ந்துகொள்ள அது நல்ல வழி. மார்த்தா தொகுத்து எழுதிய சமையல் குறிப்பேடு இன்றும் இருக்கிறது. 1828இல், அறுபது வயதைக் கடந்தபின், அவர் ஜேனின் அண்ணன் ஃபிராங்கின் இரண்டாம் மனைவியானார்.

இந்தக் குடும்பத்துக் கடிதங்களின் ஒரு கிளை தமிழ்நாட்டுக் கரையையும் தொடுகிறது. ஜேனின் அத்தை ஃபிலடெல்ஃபியா, சீதனத்துக்கு வழியில்லாத நிலையில் 1752இல் சென்னைக்குக் கப்பல் ஏறி, அடுத்த ஆண்டு கடலூரில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஹான்காக்கை மணந்தார். இவர்களுடைய மகள் எலைசா, தாய்மாமன் மகள் ஃபில்லிக்கு எழுதிய கடிதங்கள் ஆஸ்டின் குடும்ப எழுத்துகளிலேயே மிகத் துடுக்கானவை. எலைசாவின் முதல் கணவர் 1794இல் பாரிஸில் கில்லட்டினுக்குப் பலியானார். ஜேனின் அண்ணன் ஹென்றியை மணக்கத் தன் சுதந்திரத்தை விட மனமில்லை என்று ஃபில்லியிடம் வெளிப்படையாகச் சொன்ன எலைசா, 1797 கடைசி நாளில் அவரையே மணந்தார்.

துணிச்சலில் எல்லாவற்றையும் மிஞ்சுவது நாவலாசிரியர் ஃபேன்னி பர்னியின் கடிதம். 1811 செப்டம்பர் 30 அன்று பாரிஸில், மயக்க மருந்து இல்லாத காலத்தில், நெப்போலியனின் படை மருத்துவர் லாரே அவருடைய மார்பகத்தை அகற்றினார். அதை அக்காள் எஸ்தருக்கு விவரித்து எழுதப் பல மாதங்கள் பிடித்தன. எழுதியதைத் திரும்பப் படிக்கவும் அவரால் முடியவில்லை. பிறர் வாயால் உடன்பிறந்தவர்கள் கேள்விப்படக் கூடாது என்பதற்காகவே எழுதி முடித்தார். அதன்பின் 1840 வரை வாழ்ந்தார்.

1817 ஜூலையில் ஜேன் இறந்தார். தன் சாவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1840களின் தொடக்கத்தில், கசாண்ட்ரா தன்னிடமிருந்த கடிதங்களைப் படித்துப் பார்த்துப் பெரும்பகுதியை எரித்தார். ஃபிராங்க் ஆயுள் முழுதும் காத்துவைத்திருந்தவற்றை, அவர் 1865இல் இறந்தபின் மகள் யாரையும் கேட்காமல் அழித்தார். கசாண்ட்ராவை இதற்காகக் குறைசொல்வது இலக்கிய வாசகர்களின் வழக்கம், அது நியாயமில்லை. அவை வாசகர்களுக்கு எழுதப்பட்டவை அல்ல. எரியாமல் மிஞ்சிய ஒரு கட்டு ஃபேன்னி நைட்டிடம் போய்ச் சேர்ந்தது. அவர் இறந்தபின் பெட்டியில் கண்டெடுத்த மகன் பிரேபோர்ன் பிரபு, 1884இல் இரண்டு தொகுதிகளாக அவற்றை வெளியிட்டார். பிற இடங்களில் கிடைத்தவற்றையும் சேர்த்து, ஜேன் ஆஸ்டினின் கடிதங்களாக இன்று இருப்பவை சுமார் 160.