காலியாகக் கிடந்த இடது பக்கம்

விராலிமலைப் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்த வருடங்களில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை யாரிடமும் உள்ளபடி சொன்னதில்லை. ஆட்டத்தை எல்லோரையும்விட நன்றாகப் புரிந்துகொண்ட பையனை, அவன்மேல் இருந்த கோபத்தில் வெளியே உட்காரவைத்தேன். கேட்டவர்களிடமெல்லாம் ‘ஃபார்மேஷன் மாறிவிட்டது’ என்றேன்.

ஜல்லிக்கட்டுக்குப் பேர்போன ஊர் இது. கால்பந்துக்குப் பதினைந்து பையன்கள் சேர்ந்தாலே பெரிய விஷயம். அவர்களுக்கு என்னை விட்டால் கற்றுக்கொடுக்க ஆள் கிடையாது. யார் இறங்குவது, யார் பெஞ்சில் இருப்பது எல்லாம் என் கையில் இருந்தது. அந்த அதிகாரம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்பர் நவாஸ் பயிற்சியில் சென்னை சிட்டி அணி 2018-19 ஐ-லீக்கை வென்ற நேரம் அது. கடைசி நாள், 2019 மார்ச் 9, கோவையில் மினர்வா பஞ்சாப் முதலில் கோல் போட்டும் சென்னை 3-1 என ஜெயித்தது. ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி கூடுதல். பின்னாலிருந்து சின்னச் சின்ன பாஸ்களாகக் கொண்டுபோகும் அந்த ஆட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. நானும் எங்கள் ஃபார்மேஷன் இனி 4-3-3 என்று அறிவித்தேன். பந்து தாறுமாறாக எகிறும் எங்கள் செம்மண் திடலுக்கு அது ஒத்துவருமா என்று யோசிக்கவில்லை.

4-3-3-இல் லெஃப்ட் பேக் ஏறிப்போனால் அவன் விட்ட இடத்தை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். நடுவில் இருக்கும் மூவரில் ஒருவன் இறங்கி நிற்கலாம், அல்லது பின்வரிசையின் நடுவில் நிற்கும் ஸ்டாப்பர் அந்தப் பக்கம் நகரலாம். நான் இரண்டையும் சொல்லிக்கொடுக்கவில்லை. மூவரும் கோல் போடும் ஆசையில் மேலே போவார்கள். பந்து பறிபோனதும் எதிரணியின் ரைட் விங் அந்த வெற்று இடத்தில் புகுந்துவிடுவான்.

நடுவில் ஆடிய அந்தப் பையன் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டான்: “சார், லெஃப்ட் பேக் ஏறுறப்ப அந்த எடம் காலியா கெடக்கு. நான் வேணா கீழயே நிக்கட்டுமா?”

கோல் போடும் வாய்ப்பைத் தானே விட்டுக்கொடுக்க முன்வந்தவன் அவன். எனக்கு அது காதில் விழவில்லை. நான் கவனிக்காததை ஒரு பையன் கவனித்துவிட்டான், அதைப் பத்துப் பேர் கேட்டுவிட்டார்கள் என்பதுதான் உறைத்தது. “விளையாட வந்தியா, பாடம் எடுக்க வந்தியா?” என்று அடக்கினேன். அடுத்த போட்டிக்கு 4-4-2 என்று மாற்றினேன். நடுவரிசை நால்வரில் இருவர் ஓரங்களுக்குப் போக, மையத்தில் இரண்டே பேர் போதும் என்றானதும் அவனை எடுத்துவிடுவது சுலபமாகிவிட்டது. ஏன் என்று கேட்ட மற்றவர்களிடம், அவனுக்கு வேகம் போதாது என்று ஒரு பொய்யும் சேர்த்தேன். அந்தப் போட்டியில் தோற்றோம். கோல்கள் அவன் காட்டிய அதே இடது பக்கமாகவே வந்தன.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியைப் பற்றிப் பையன்களுக்கு நானே பலமுறை கதை சொல்லியிருக்கிறேன். ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்குக்குத் தாய்லாந்து ஆட்டத்தில் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தார்கள். பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவரை சென்டர் ஃபார்வர்டாக இறக்கினார். அரையிறுதியிலும் கோல், செப்டம்பர் 4 இறுதி ஆட்டத்திலும் கோல். முதல் சுற்றில் தங்களை 2-0 என வென்ற தென்கொரியாவை இந்தியா 2-1 என்று வீழ்த்தித் தங்கம் வாங்கியது. ரஹீம் அப்போதே நோயாளி. அடுத்த ஜூனில் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த நிலையிலும் கையில் இருக்கும் ஆளைப் பார்த்து அவனுக்கு இடம் உண்டாக்கியவர் அவர். இருந்த இடத்தையும் ஒருவனிடமிருந்து பிடுங்குவதற்கு நான் அதே வித்தையைப் பயன்படுத்தினேன்.

அவன் சண்டை போடவில்லை. கொஞ்ச நாள் பெஞ்சில் இருந்தான், பிறகு வருவதை நிறுத்திக்கொண்டான். நான் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான், கூப்பிடவில்லை. அவனோடு ஆடியவர்களை இன்றும் கடைத்தெருவில் பார்க்கிறேன். அவனுக்கு வேகம் போதாது என்று நான் சொன்னதை அவர்கள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவனும் நம்பியிருப்பானோ என்றுதான் பயமாக இருக்கிறது. முதலில் அவனிடம் போய் அது பொய் என்று சொல்ல வேண்டும். பிறகு அவர்களிடம், ஒவ்வொருவராக.