வாங்கும் தொழிலே கடனைக் கட்டட்டும்

ஒரு தொழிலை வாங்க விலைபேசி முடித்தவரிடம் பணத்துக்கு என்ன வழி என்று கேட்டால், பெரும்பாலும் வீட்டுப் பத்திரத்தையும் ஏற்கெனவே ஓடும் பட்டறையின் ஓ.டி. வரம்பையும்தான் காட்டுவார். அடமானம் வைக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்பதிலிருந்து அவர் கணக்கு தொடங்குகிறது. இத்தகைய கைமாற்றுகளுக்குப் பணம் ஏற்பாடு செய்யும் எங்களைப் போன்றவர்கள் மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும். வாங்கப்படும் தொழில் தன் சொந்த வருமானத்தில் எவ்வளவு கடனைத் தாங்கும்? அதற்குமேல் கடன் வாங்கக் கூடாது, மீதி வாங்குபவரின் கைப்பணமாகவோ விற்பவர் பொறுத்திருந்து பெறும் பணமாகவோ இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இதற்கு நம் நாட்டில் நல்ல பாடம் தேயிலையில் இருக்கிறது. 1995-இல் கைகூடாத பேரத்தை 2000-இல் முடித்து, தன்னைவிடப் பெரிய பிரிட்டிஷ் நிறுவனமான டெட்லியை டாடா டீ 27.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதற்கென்றே பிரிட்டனில் ஒரு தனி நிறுவனத்தைத் தொடங்கி, அதில் 7 கோடி பவுண்டு மூலதனம் போட்டு, 23.5 கோடி பவுண்டு கடனை அந்த நிறுவனத்தின் பெயரிலேயே வாங்கினார்கள். கடன் டெட்லியின் வரவிலிருந்து அடைய வேண்டும். டாடா டீயின் மூணாறு தோட்டங்கள் அதற்கு ஈடு அல்ல. இரண்டையும் கூட்டினால் 30.5 கோடி வருகிறதே, விலையைவிட அதிகமாயிற்றே என்று தோன்றும். பேரச் செலவும், வாங்கிய பிறகு தொழிலை ஓட்டத் தேவையான நடைமுறை மூலதனமும் அந்த மிகுதியில் அடக்கம். சிறிய பேரங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். சாவியை வாங்கிய மறுநாளே கச்சாப் பொருளுக்கும் சம்பளத்துக்கும் பணம் வேண்டும். 2006-இல், அப்போது பெங்களூருவிலிருந்து இயங்கிய டாடா காபி, அமெரிக்காவின் எயிட் ஓ கிளாக் காபியை 22 கோடி டாலருக்கு வாங்கியபோதும், வாங்கியவரைவிட வாங்கப்பட்டது பெரிதாகவே இருந்தது.

இதே ஊரின் இன்னொரு கொள்முதலை எனக்கு எதிராகவே காட்டலாம். 2007-இல் மதுபான நிறுவனமான யுனைடெட் ஸ்பிரிட்ஸ், ஸ்காட்லாந்தின் விஸ்கி நிறுவனமான ஒயிட் அண்ட் மெக்கேயைப் பெரும்பகுதி கடனில் 59.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. 2014-இல் அது 43 கோடி பவுண்டுக்குப் பிலிப்பைன்ஸின் எம்பரடார் கைக்குப் போனது. அந்த விற்பனைக்குக் காரணம் கடன் அல்ல, யுனைடெட் ஸ்பிரிட்ஸ் டியாஜியோ வசம் போனதும் பிரிட்டனின் போட்டி ஆணையம் ஆட்சேபித்ததே என்பார்கள். உண்மைதான். ஆனால் யுனைடெட் ஸ்பிரிட்ஸே டியாஜியோ வசம் போகும் நிலை ஏன் வந்தது என்று பார்த்தால், அதன் தாய்க் குழுமத்தின் கடன் சுமைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஸ்காட்ச் இருப்பு கைக்கு வர வேண்டும் என்ற வியாபார நியாயம் சரியானதே. சரியான சரக்கைத் தாங்காத கடனில் வாங்கலாகாது என்பதே என் வாதம்.

பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டை அளவில் கணக்குப் போடுவோம். வட்டிக்கும் வரிக்கும் முன் ஆண்டுக்கு 2 கோடி ரூபாய் மிஞ்சும் பட்டறை, விலை 8 கோடி என்று வைத்துக்கொள்வோம். 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணைக்கு முழுவதையும் கடனாக வாங்கினால், ஆண்டுத் தவணையே 2 கோடியே 9 லட்சம் ஆகிவிடும். 4 கோடி மட்டும் வாங்கினால் தவணை சுமார் 1 கோடியே 4 லட்சம்; வரி போக முதலாண்டில் 50 லட்சத்துக்குச் சற்று மேல் மிஞ்சும். இரண்டரைக் கோடி கைப்பணம். மீதி ஒன்றரைக் கோடியை, பெரிய வாடிக்கையாளர்கள் நீடித்தால் மட்டும், ஆண்டுக்கு 50 லட்சமாக மூன்று ஆண்டுகளில் விற்பவருக்குக் கொடுக்கலாம். ஒரு வாடிக்கையாளர் விலகி வருமானம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலும் வங்கித் தவணை நிற்காது. விற்பவரின் பங்குதான் நிற்கும்.

விற்பவர் இதற்கு ஏன் சம்மதிக்க வேண்டும்? ரொக்கமாக வாங்கிக்கொண்டு ஒதுங்கவே பலரும் விரும்புவார்கள். ஆனால் அந்த வாடிக்கையாளர்கள் போகமாட்டார்கள் என்று விலைபேசும்போது சொன்னவர் அவர்தான். தன் சொல்லுக்குத் தன் பணத்தில் ஒரு பங்கைக்கூட ஈடு வைக்கத் தயங்கினால், அதுவே விலையைக் குறைக்கப் போதுமான காரணம். லாபமே இல்லாத புதுநிறுவனங்களை இப்படி யாரும் வாங்க முடியாதே என்ற ஆட்சேபம் இன்னும் வலுவானது. அங்கே கடனுக்கு இடமே இல்லை, பங்குதான் நாணயம். 2017-இல் பிளிப்கார்ட் தன் பங்குகளைத் தந்து ஈபே இந்தியாவைப் பெற்றபோது, ஈபே தன் இந்தியத் தொழிலோடு 50 கோடி டாலரையும் சேர்த்தே கொடுத்தது.

சட்டமும் இந்தக் கணக்கோடு பிணைந்தது. உள்நாட்டு நிறுவனத்தின் பங்குகளை வாங்க வங்கிக் கடன் கிடைப்பது வெகுகாலம் அரிதாகவே இருந்தது. வெளிநாட்டுக் கொள்முதலுக்குத்தான் வழி இருந்தது. தன் பங்குகளை வாங்குபவருக்குப் பொது நிறுவனம் பண உதவி செய்வதைக் கம்பெனிச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு தடுக்கிறது. அதனால் பீன்யாவில் பங்குகளை விட்டுத் தொழிலை ஒட்டுமொத்தமாக வாங்கி, இயந்திரத்தின்மீதும் கட்டடத்தின்மீதும் கடன் பெறுவதே நடைமுறைக்கு ஒத்த வழி. மனை கர்நாடகத் தொழிற்பகுதி மேம்பாட்டு வாரியத்தின் (கேஐஏடிபி) குத்தகையில் இருந்தால் பெயர் மாற்ற அனுமதிக்கு ஆகும் காலத்தையும் தவணைக் கணக்கில் சேர்க்க வேண்டும். 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வரைவு, கொள்முதல் மதிப்பில் 70 சதவீதம்வரை வங்கிகள் கடன் தரலாம் என்றது. ஆனால் அது பங்குச் சந்தையில் பட்டியலிட்ட, தொடர்ந்து லாபம் காட்டிய நிறுவனங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. எட்டுக் கோடி பட்டறையை வாங்குபவருக்கு, பொறுத்திருந்து பணம் பெறும் விற்பவரே இன்னும் நெருங்கிய கடன்காரர்.