செந்தூசி

என் கோட்டை விழுந்ததற்குக் காரணம் இரும்பு இல்லாததுதான். அமெரிக்காவின் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006-இல் வெளியிட்ட 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்' என்ற கணிப்பொறி விளையாட்டில், குள்ளர்களைக் குடியேற்றி மலையைக் குடைய வேண்டும். உறுதியான பாறையாயிற்றே என்று கிரானைட் மலையில் இறங்கினேன். எவ்வளவு தோண்டியும் இரும்பு கிடைக்கவில்லை. காப்ளின் படை வந்தபோது என் ஆட்களிடம் இருந்தவை செம்பு வாட்கள். ஒருவரும் மிஞ்சவில்லை.

என் புலம்பலைக் கேட்டு அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். பைலாடிலா இரும்புச் சுரங்கத்தில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர். "கிரானைட் நெருப்புக் குழம்பு உறைஞ்ச பாறை. அதுல போய்த் தேடுறியே? படிவுப் பாறையைப் பாரு" என்றார். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல்நீரில் கரைந்திருந்த இரும்பு, நுண்ணுயிர்கள் வெளியிட்ட ஆக்ஸிஜனோடு சேர்ந்து அடியில் படிந்த கதையை அன்றுதான் சொன்னார்.

அடுத்த முறை சுண்ணாம்புப் பாறையைக் குடைந்தேன். மேக்னடைட் கிடைத்தது. உருக்கு செய்யத் தேவையான சுண்ணாம்புக் கல்லும் அங்கேயே இருந்தது.

சின்ன வயதில், அப்பாவின் சட்டையில் ஏறிய செந்தூசியைத் துவைத்தே அம்மா அலுத்துப்போவாள். அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதேயில்லை. இப்போது கேட்கிறேன். அப்பா நிறுத்தாமல் சொல்கிறார். கோட்டை காத்திருக்கிறது.