தொடாமல் தாங்கும் கைகள்

கலிபோர்னியா மலைகளில் 161 கி.மீ. ஓட்டம்: ஓடுபவருக்கு மட்டுமல்ல, காத்திருப்பவருக்கும் அது சோதனைதான்

மிச்சிகன் பிளஃப்பில் மதியத்திலிருந்தே கூட்டம். தெருவோரத்தில் ஐஸ் பெட்டிகள், மடக்கு நாற்காலிகள், தூங்கும் குழந்தைகள். 19ஆம் நூற்றாண்டில் தங்கம் தேடி வந்தவர்கள் மொய்த்த ஊர் இது. பின்னாளில் பல்கலைக்கழகம் கண்ட லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு அப்போது இங்கே கடை வைத்திருந்தார். இன்று மிஞ்சியிருப்பவை சில வீடுகள்தான். ஆனால் ஜூன் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை மட்டும் ஊர் திருவிழாக் கோலம் பூணுகிறது.

காரணம், வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டம். அதிகாலை 5 மணிக்கு ஒலிம்பிக் பள்ளத்தாக்கில் புறப்படுபவர்கள் 30 மணி நேரத்துக்குள் ஆபர்ன் நகரை அடைய வேண்டும். ஆரம்பத்தில் இது குதிரைப் பந்தயப் பாதை. 1974இல் கோர்டி ஐன்ஸ்லி என்பவர் குதிரை இல்லாமலே ஓடிப் பார்த்தார். 23 மணி 42 நிமிடத்தில் முடித்தார். இன்றும் பரிசுப் பணம் கிடையாது. 24 மணி நேரத்துக்குள் வந்தால் வெள்ளி பெல்ட் பக்கிள். அதற்குப் பின் வருபவர்களுக்கு வெண்கலம். அவ்வளவுதான்.

மிச்சிகன் பிளஃப் வரும்போது 90 கி.மீ. முடிந்திருக்கும். அடுப்பாய்க் கொதிக்கும் பள்ளத்தாக்குகளில் இறங்கி ஏறி வருகிறார்கள். ஏழெட்டு மணி நேரம் காத்திருக்கும் நண்பர்களுக்குக் கிடைப்பதோ ஐந்து நிமிடம். கழுத்துத் துணியில் ஐஸ் கட்ட வேண்டும். தண்ணீர், உப்பு, உலர்ந்த காலுறை, இரவுக்குத் தலைவிளக்கு எல்லாம் கைக்கு எட்ட இருக்க வேண்டும்.

நான் காத்திருந்தது பெங்களூரிலிருந்து அங்கே குடியேறிய ஒரு நண்பருக்காக. “எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டுடாதீங்க, உடைஞ்சுடுவார். என்ன வேணும்னு கேளுங்க” என்று அவர் மனைவி முன்பே எச்சரித்திருந்தார். மாலை ஏழு மணிக்கு வந்த மனிதர் நாற்காலியில் சரிந்து, “போதும்” என்றார். மனைவி பதில் சொல்லவில்லை. ஐஸைக் கட்டினார், பாட்டிலை நிரப்பினார். “ஃபாரஸ்ட்ஹில் வரைக்கும் போங்க. அங்கே பேசிக்கலாம்” என்றார். அது இன்னும் 10 கி.மீ. நண்பர் எழுந்து போனார். அவர் தலை மறைந்த பிறகுதான் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஃபாரஸ்ட்ஹில்லில் இருந்து ஒருவர் உடன் ஓடலாம். பேசலாம், வழி பார்க்கலாம்; ஆனால் ஓடுபவரின் பாட்டிலைக்கூடச் சுமக்கக் கூடாது. கைகொடுத்துத் தூக்கவும் கூடாது. இந்த விதியின் கடுமை 2006இல் தெரிந்தது. முதலாவதாக வந்த பிரையன் மாரிசன், ஆபர்ன் பள்ளி மைதானத்தில், கோட்டுக்குச் சில நூறு அடி முன்னால் சரிந்தார். பதறிய நண்பர்கள் தாங்கிப் பிடித்துக் கோட்டைக் கடக்க வைத்தார்கள். தகுதி நீக்கம். 161 கி.மீ. உழைப்பைப் பறித்தது எதிரியல்ல, அன்புதான். ஆனால் விழுந்தவரைப் பார்த்துக்கொண்டு எந்த நண்பனால் சும்மா நிற்க முடியும்?

எங்கள் நண்பர் இரவெல்லாம் நடந்தும் ஓடியும், ரக்கி சக்கியில் ஆற்றைக் கடந்து, மறுநாள் காலை 10.20க்கு மைதானத்தில் நுழைந்தார். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைப் ‘பொன்னான நேரம்’ என்கிறார்கள். வென்றவரைவிட, கடைசியில் வருபவருக்குத்தான் கைதட்டல் அதிகம்.

2015இல் 70 வயது கன்ஹில்ட் ஸ்வான்சன் வந்தபோது கடிகாரம் 30 மணியை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டின் சாம்பியன் ராப் கிரார், காலில் ரப்பர் செருப்போடு அவர் பக்கத்தில் ஓடினார். கூட்டம் அலறியது. 29 மணி 59 நிமிடம் 54 விநாடி. ஆறு விநாடி மிச்சம்! அத்தனை பேரும் அவருக்காகத் துடித்தார்கள். யாருடைய விரலும் அவர்மேல் படவில்லை.