கொலைவாள் எங்கே?

மார்கழிக் கடைசி வாரம் பிறந்துவிட்டால் எனக்கு ஒரு வீரம் வந்துவிடும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒட்டடைக் கம்பைக் கையில் எடுத்தேனானால், இவர் சத்தம் போடாமல் தம் நாற்காலியோடு திண்ணைக்குக் குடிபெயர்ந்து விடுவார். மூன்று நாளைக்குக் காப்பி நேரத்துக்கு வராது என்பது அவருக்குப் பழகிப்போன சமாசாரம்.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்ததே 1974 ஜனவரி 14-ம் தேதி. "வெள்ளையடித்த கையோடு பிறந்த மாவட்டம், இங்கே உன்னை யார் தடுக்க முடியும்?" என்பார் இவர்.

எங்களுடையது பழைய ஓட்டு வீடு. முன்கட்டுக்குப் பெயிண்ட் வந்துவிட்டது. பின்கட்டுக்கு மட்டும் இன்றும் சுண்ணாம்புதான். அது அத்தையின் கட்டளை. சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் அடுப்பில்லாமலே தளதளவென்று கொதிக்கும். ஆறிய பிறகு வடிகட்டி, துளி நீலமும் ஒட்டுவதற்கு வஜ்ஜிரமும் கலக்க வேண்டும். அடிக்கும்போது சுவர் அழுது வடியும். காயக் காயத்தான் வெளுப்பு ஏறும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாக மாறிவிடுகிறது என்று என் மகள் பாடப் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அதைத்தாண்டி நானும் சொல்றேன், பொறுத்தால்தான் வெள்ளைன்னு" என்றார் அவளுடைய அப்பத்தா.

இந்த வருஷம் பின்கட்டுப் பரணைக் காலி செய்தபோது அத்தையின் தகரப் பெட்டி கீழே இறங்கியது. எண்பத்து நாலு வயதிலும் அவரே வந்து தரையில் உட்கார்ந்து திறந்தார். உள்ளே பைண்டு செய்த கனத்த புத்தகங்கள். 'கல்கி' பத்திரிகையில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வன்'. வாரா வாரம் கிழித்துச் சேர்த்துத் தைத்தது. பக்கத்துக்குப் பக்கம் மணியத்தின் படங்கள்.

அத்தையை ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்களாம். அதன் பிறகு அவர் படித்த படிப்பெல்லாம் இந்தத் தொடர்கதைதான். கல்யாணத்தின்போது அவருடைய அப்பா, பித்தளை அண்டாவோடும் குத்துவிளக்கோடும் இதையும் சீராக வைத்து அனுப்பினாராம்.

ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். நடுவில் எட்டுப் பக்கம் அச்சில் இல்லை, பென்சிலால் எழுதியிருந்தது. "அந்த வாரத்துப் பத்திரிகை மழையில் நனைஞ்சு போச்சும்மா. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி, ராத்திரியோடு ராத்திரியா எழுதிக் காலையில் திருப்பிக் கொடுத்தேன்" என்றார். பன்னிரண்டு வயதுக் கையெழுத்து. வானதி வரும் இடத்தில் மட்டும் எழுத்து கொஞ்சம் பெரிசாக இருந்தது. கொடும்பாளூர் இளவரசியல்லவா, நம் பக்கத்துப் பெண்!

என் மகள் எண்ணிப் பார்த்தாள். "அப்பத்தா, அஞ்சு பாகம்னு சொன்னீங்க. நாலுதான் இருக்கு. மூணாவதான கொலைவாள் எங்கே?"

எனக்குச் சுரீரென்றது.

2018-ல் போகிப் புகையினால் சென்னையில் விமானங்களையே வேறு ஊருக்குத் திருப்பிவிட்டார்கள் என்று படித்ததிலிருந்து நான் எதையும் எரிப்பதில்லை. எல்லாவற்றையும் எடைக்குப் போட்டுவிடுவேன். போன வருஷம் பரணின் ஓரத்தில் அட்டை பிய்ந்த ஒரு கட்டு கிடந்தது. என்ன ஏது என்று பிரித்துக்கூடப் பார்க்காமல் பழைய பேப்பரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். கிடைத்த காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு ஒரு பிளாஸ்டிக் குடம் வாங்கினேன். அதே குடத்தில்தான் இப்போது சுண்ணாம்புக்குத் தண்ணீர் மொண்டு கொண்டிருந்தேன்!

குற்றத்தை ஒப்புக்கொண்டேன். அத்தை முகத்தில் வியப்பே இல்லை.

"தெரியும்மா. அன்னிக்கே பார்த்தேன். பேப்பர்காரர் தெருக்கோடி தாண்டிட்டார்."

"ஏன் அத்தை சொல்லவில்லை?"

"நல்ல நாளும் அதுவுமா உன்னை அழவைக்கவா? எனக்குத்தான் கதை தெரியுமே."

அந்த வார்த்தைக்கு அவர் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம்.

மறுநாளே டவுனுக்குப் போய் அந்த மூன்றாம் பாகத்தைப் புதிதாக வாங்கி வந்தேன். அத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "எழுத்து நல்லாத் தெரியுது" என்றார். ஓரத்தில் தம் அப்பா எழுதி வைத்திருந்த பால் கணக்கு இதில் இல்லையே என்று அவர் சொல்லவில்லை. பால் கணக்கு இருந்ததையே இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மிச்சமுள்ள நாலையும் 'ஞானாலயா'வுக்குக் கொடுத்துவிடலாமா என்று இவர் கேட்டார். திருக்கோகர்ணத்தில் பா. கிருஷ்ணமூர்த்தியும் அவர் மனைவி டோரதியும் வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்து உண்டாக்கிய நூலகம் அது. நம் வீட்டுப் பரண்களிலிருந்து போகிக்கும் தராசுக்கும் போயிருக்க வேண்டிய பழைய பத்திரிகைகளும் முதல் பதிப்புகளும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அத்தை யோசித்தார். "நான் இருக்கிறவரைக்கும் இங்கே. அப்புறம் அங்கே. ஆனா ஒண்ணு குறையுதே, வாங்கிக்குவாங்களா?" என்றவர், பதிலையும் தாமே சொன்னார்: "கொடும்பாளூர் மூவர் கோயில்ல மட்டும் என்னவாம்? மூணில் ஒண்ணு இடிஞ்சு அடித்தளம்தான் கிடக்கு. ரெண்டுதான் நிக்குது. அதுக்காக யாரும் போய்ப் பார்க்காமலா இருக்காங்க?"

இப்போது எங்கள் வீட்டில் புதுச் சட்டம் அமலில் இருக்கிறது. கழிக்க வேண்டியதை முதலில் திண்ணையில் பரப்ப வேண்டும். வீட்டில் மூத்தவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, "போகட்டும்" என்று சொன்ன பிறகுதான் அது வாசல் தாண்டலாம். இதனால் வேலை ஒரு நாள் கூடிவிட்டது; இவருக்குக் காப்பி நாலு நாள் தாமதம். பரவாயில்லை.

பொங்கலன்று மத்தியானம் சுண்ணாம்பு வாசனை போகாத பின்கட்டில் என் மகள் மூன்றாம் பாகத்தை உரக்கப் படித்தாள். அத்தை கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் கையைத் தூக்கி, "இங்கே நிறுத்து. இந்த இடத்தில் ஒரு படம் இருக்கும்" என்றார். பிறகு, அந்தப் படத்தில் யார் யார் எப்படி நின்றார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்.