பூச்சுக்கு முன் குழாய்

வீடு கட்டப் புகுவோர் நிலையம் எடுக்க மறப்பதில்லை. கிணறு எங்கே, மின்விளக்கு எங்கே என்பதையும் முன்னரே யோசிக்கிறார்கள். கணினிகளை இணைக்கும் கம்பி எவ்வழியே போகவேண்டும் என்பதை மட்டும் சுவருக்கு வர்ணம் பூசிய பின்னரே பலர் நினைக்கின்றனர். அதன்பின் கம்பி நிலத்திலே கிடக்கும். நடப்போர் காலில் தடக்கும்.

எமது ஊர் வாசிகசாலையோடு மாணவர்க்கென இருபது கணினிகள் கொண்ட கூடமொன்றைக் கட்டத் தொடங்கியபோது இதுவே பெரிய தர்க்கமாயிற்று. 2020ஆம் ஆண்டிற் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், உடன்பிறந்தோர் மூவர் ஒரே கைத்தொலைபேசியைப் பங்கிட்டு, அலை கிடைக்கும் மதிலோரம் நின்று பாடங் கேட்டதை நாம் கண்டோம். அந்நிலை மீண்டும் வரலாகாதென்றே ஊரார் பணந் தந்தனர். இன்னொரு முறை கேட்கக்கூடிய பணமன்று அது.

"ஐயா, இப்ப எல்லாம் காத்திலை வாற காலமெல்லோ, கம்பி எதுக்கு?" என்றான் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன். கேள்வி நல்லதே. வைபை அலை பொது ஒழுங்கை போன்றது. இருபது பேரும் அதிலே முறைவைத்துப் போகவேண்டும். கம்பியோ அவரவர்க்குத் தனிவழி. அன்றியும், அலையைப் பரப்பும் பெட்டி செவ்வனே இயங்க அதற்கும் ஒரு கம்பி வேண்டுமே!

ஆகவே முதலிற் கடதாசியும் பென்சிலும் எடுத்தோம். மேசைகளைக் குறித்தோம். கம்பிகள் வந்து கூடும் அலுமாரிக்குக் காற்றோட்டமும் பூட்டும் உள்ள, மழை ஒழுகாத மூலையொன்றைத் தெரிந்தோம். அங்கிருந்து மேசைவரை சுவருக்குள்ளே 90 மீற்றர், இரு நுனிகளிலும் தொடுக்கும் சிறுகம்பிகளுக்கு 10 மீற்றர், ஆக 100 மீற்றரே செப்புக் கம்பிக்கு விதித்த எல்லை. எமது கூடம் சிறியது. எல்லை எம்மைத் தொடவில்லை.

மின்சாரக் கம்பியோடு ஒரே குழாயிற் போடலாமே, செலவு மிச்சம் என்றார் மேசன். அதற்கு நாம் இணங்கவில்லை. 230 வோல்ற் ஓடுங் கம்பியோடு இதை ஒன்றாக விடுவது ஆபத்து, செய்தியும் குழம்பும். இரண்டும் குறுக்கிட நேர்ந்தால் செங்கோணத்திற் குறுக்கிடுதல் நன்று. இக்கம்பியினுள்ளே எட்டு இழைகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கின்றன. அம்முறுக்கே வெளியிலிருந்து வரும் இரைச்சலைத் தணிப்பது. ஆதலால் நுனியைப் பொருத்தும்போது 13 மில்லிமீற்றருக்கு மேல் முறுக்கை அவிழ்த்தலாகாது. மூலையில் மடித்து ஒடிப்பதும் ஆகாது. கம்பியின் தடிப்பைப் போல் நான்கு மடங்கு ஆரையுள்ள வளைவாவது வேண்டும்.

குழாயைக் கம்பிகளால் அடைக்கவும் நாம் விடவில்லை. பத்தில் நான்கு பங்கு நிரம்பினாற் போதும். உள்ளே ஒரு நூலும் கிடக்கட்டும், பின்வருவோர் இன்னொரு கம்பியை இழுக்க. முதலிற் குழாய், பிறகு பூச்சு, அதன்பின் கம்பி, கடைசியிலே கருவி என்று ஒழுங்கு வகுத்தோம். பணம் போதாவிட்டாற் கருவியைச் சிறிதாக வாங்கலாம். சில ஆண்டுகளில் அது எப்படியும் மாறும். சுவரை யார் திரும்பவும் உடைப்பது?

கம்பியின் இரு நுனியிலும் ஒரே இலக்கம் எழுதும் வேலையைச் சிறுவர்களிடம் ஒப்படைத்தோம். கையெழுத்து அழகிய ஒருத்தி அதனை ஏற்றாள். கடையிலே மலிவான சுருளொன்று காட்டினார்கள்; இழையைக் கத்தியாற் சுரண்டியதும் உள்ளே வெள்ளை தெரிந்தது. செப்புப் பூசிய அலுமினியம்! திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

பழைய கட்டடத்துக்கும் புதியதற்கும் இடையே முற்றத்தைக் கடந்து ஓர் இணைப்பு வேண்டும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி முழங்கும் நாடு இது. செப்புக் கம்பி மின்னலின் வேகத்தை இரு கட்டடங்களுக்கும் பகிர்ந்துவிடும். கண்ணாடி இழையோ ஒளியைச் சுமப்பதன்றி மின்சாரத்தைச் சுமப்பதில்லை. அதன் விலையை விசாரிக்க இரு மாணவர்கள் யாழ்ப்பாணப் பட்டினம் போகிறார்கள். அவர்கள் வரும்வரை முற்றத்திலே கான் வெட்டும் வேலை நடக்கிறது.